மாற்றுத் தோளும் அதன் தேய்மானமும்

எங்கள் ஊரில் கொத்தனார் ஒருவர் இருக்கிறார். அவருக்கு வயது 48. இருபதாம் வயதில் அவர் சாரத்திலிருந்து விழுந்தார்; வலத் தோள் மூட்டு விலகிவிட்டது. அன்று முதல் பல முறை அந்தத் தோள் இடம் விட்டு நழுவியது. ஒவ்வொரு முறையும் யாரையாவது கொண்டு இழுத்துப் பொருத்திக்கொண்டு, மறு வாரமே வேலைக்குப் போய்விடுவார். அவ்வாறு நழுவி நழுவி, மூட்டின் உட்புறத்தைப் போர்த்தியிருந்த வழுவழுப்பான குருத்தெலும்பு அழிந்துவிட்டது. இப்போது எலும்பும் எலும்பும் உராய்கின்றன. கொத்துக் கரண்டி பிடித்த கையைத் தோளுக்கு மேலே உயர்த்த அவரால் இயலவில்லை. இரவில் அந்தப் பக்கம் சாய்ந்து படுக்கவும் இயலவில்லை.

எனக்கும் வலத் தோளில்தான் நோய். ஆறு ஆண்டுகளுக்கு முன்னர், என்னுடைய 61ஆம் வயதில், ரண சிகிச்சை செய்து அந்தத் தோளில் செயற்கை மூட்டு வைத்தார்கள். இதனை அறிந்த கொத்தனார் ஒரு நாள் மாலை என் வீட்டுத் திண்ணைக்கு வந்தார். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "வாத்தியார் ஐயா, உங்களுக்கும் எனக்கும் ஒரே வியாதி என்கிறார்கள். நீங்கள் பென்ஷன் வாங்குகிறவர்கள். உங்களுக்கு உடனே புது மூட்டு வைத்தார்கள். நானோ கையை நம்பிப் பிழைக்கிறவன். என்னை இன்னும் சில வருஷம் பொறுத்திருக்கச் சொல்லுகிறார்களே, இது என்ன நியாயம்?" என்று கேட்டார்.

முப்பத்தைந்து ஆண்டுகள் பாடம் சொல்லிக் கொடுத்த எனக்கு அந்தக் கேள்விக்கு உடனே விடை சொல்லத் தெரியவில்லை. பிறகு என் மருத்துவரைக் கேட்டும், நூல்களைப் படித்தும் நான் அறிந்துகொண்டவற்றையே இன்று உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

முதலில் இயற்கை நமக்கு அளித்த தோளைப் பார்ப்போம். பள்ளிக்கூட விளையாட்டு விழாவில் கரண்டியில் எலுமிச்சம்பழத்தை வைத்துக்கொண்டு ஓடும் பந்தயத்தில் நீங்கள் கலந்துகொண்டிருப்பீர்கள். தோள் மூட்டு ஏறக்குறைய அப்படிப்பட்டதே. மேற்கை எலும்பின் தலை உருண்டையானது, அதுவே எலுமிச்சம்பழம். தோட்பட்டை எலும்பின் ஓரத்தில் உள்ள ஆழமில்லாத சிறு கிண்ணம்தான் கரண்டி. இடுப்பு மூட்டில் பந்து ஆழமான குழிக்குள் புதைந்திருக்கிறது. தோளிலோ பந்து பெரிது, கிண்ணம் சிறிது. அதனால்தான் நம் கையை முன்னும் பின்னும் மேலும் கீழும் வேண்டியவாறெல்லாம் சுழற்ற முடிகிறது. அதே காரணத்தினால்தான் தோள் எளிதில் நழுவியும் விடுகிறது.

அப்படியானால் பந்து கிண்ணத்தின் நடுவிலேயே நிற்பது எப்படி? மூட்டைச் சூழ்ந்து நான்கு தசைகள் இருக்கின்றன. அவற்றின் நாண்கள் பந்தின்மேல் நான்கு விரல்கள் போலப் படிந்து, அதனைக் கிண்ணத்தின் நடுவை நோக்கி அழுத்திப் பிடித்துக்கொள்கின்றன. இவற்றைச் சுற்றுத் தசைகள் என்று அழைப்போம். கையைத் தூக்கும் பெரிய தசை பந்தை மேல்நோக்கி இழுக்கும்போது, இந்த நான்கும் சேர்ந்து அதனை நடுவை விட்டு விலகாமல் காக்கின்றன. இந்தச் செய்தியை மறவாதீர்கள். பின்னால் வரப் போவனவற்றுக்கெல்லாம் இதுவே அடிப்படை.

செயற்கைத் தோள் என்பது நேற்று முளைத்த எண்ணம் அன்று. 1893ஆம் ஆண்டில் பாரிஸ் நகரத்தில் பெயான் என்னும் ரண சிகிச்சை நிபுணர், க்ஷய நோயால் தோள் எலும்பு கெட்டுப்போன ரொட்டித் தொழிலாளி ஒருவருக்குப் பிளாட்டினத் தண்டும் கடினமாக்கிய ரப்பர்ப் பந்தும் கொண்ட மூட்டு ஒன்றைப் பொருத்தினார். கிருமிகளின் தொல்லை தீராமையால் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளில் அதனை வெளியே எடுக்க நேர்ந்தது. அதன் பின்னர், 1950களில், அமெரிக்காவின் நியூயார்க் நகரத்தில் சார்லஸ் நீர் என்னும் நிபுணர், நொறுங்கிப்போன மேற்கை எலும்பின் தலைக்குப் பதிலாக உலோகத் தலையைப் பொருத்தினார். அதைப் பற்றி 1955ஆம் ஆண்டில் எழுதினார். அப்போது பந்து மட்டுமே புதியது, கிண்ணம் பழையது. 1974ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட கட்டுரையில், தேய்ந்த கிண்ணத்துக்கும் பிளாஸ்டிக்கினால் ஆன மாற்று இடம்பெற்றது. இன்று செய்யப்படும் முழுத் தோள் மாற்றுச் சிகிச்சை அந்த வழியில் வந்ததே. பந்து பெரும்பாலும் கோபால்ட்டும் குரோமியமும் கலந்த உலோகம். கிண்ணம் பாலிஎத்திலீன் என்னும் உறுதியான பிளாஸ்டிக். அந்தக் கிண்ணத்தின் கனம் சில மில்லிமீட்டர்தான். அதனை எலும்போடு பிணைத்து வைப்பது பெரும்பாலும் ஒருவகைச் சிமெண்ட்.

இந்த மூட்டில் தேய்வது எது? உலோகப் பந்து பெரும்பாலும் தேய்வதில்லை. மென்மையான பிளாஸ்டிக் கிண்ணமே தேய்கிறது. ஆனால் அது மெலிந்து போவது மட்டுமே தொல்லை அன்று. உங்கள் பாட்டிமார் ஆட்டுக்கல்லில் மாவு அரைத்த கதையைச் சொல்லியிருப்பார்கள். ஆட்டுக்கல்லைப் புதிதாகக் கொத்தினால், முதலில் அரைக்கும் மாவைக் கொட்டிவிடுவார்கள். ஏனெனில் அதில் கல் துகள் கலந்திருக்கும். குழவியும் குழியும் உராய்ந்தால் துகள் உண்டாகத்தானே செய்யும்! செயற்கை மூட்டிலும் அப்படியே. ஆனால் மூட்டுக்குள் உதிரும் துகளை எடுத்துக் கொட்டுவதற்கு வழியில்லை.

இந்தப் பாடத்தை உலகம் முதலில் கற்றது இடுப்பு மூட்டிலிருந்து. இங்கிலாந்தில் ஜான் சார்ன்லி என்னும் நிபுணர் 1950களின் பிற்பகுதியில், மிகவும் வழுக்கும் பொருளாகிய டெஃப்லானைக் கொண்டு இடுப்புக் கிண்ணம் செய்தார். வழுக்கும் பொருள் தேயாது என்று நாம் நினைப்போம். ஆனால் ஒரு சில ஆண்டுகளிலேயே அந்தக் கிண்ணங்கள் வெகுவாகத் தேய்ந்தன. உதிர்ந்த துகள் சுற்றியிருந்த தசையைப் புண்ணாக்கியது. அந்தப் பொருளைத் தம் தொடையிலேயே செலுத்திக்கொண்டு அதன் விளைவைச் சோதித்தவர் சார்ன்லி. 1962ஆம் ஆண்டில் அவர் டெஃப்லானை விட்டுப் பாலிஎத்திலீனுக்கு மாறினார். தோளுக்குள் இன்று இருக்கும் கிண்ணம் அந்த மாற்றத்தின் வாரிசு.

பாலிஎத்திலீனும் முற்றிலும் தேயாதது அன்று. அதிலிருந்து கண்ணுக்குத் தெரியாத நுண் துகள்கள் உதிர்கின்றன. நம் உடலில் அந்நியப் பொருள்களை விழுங்கும் காவல் உயிரணுக்கள் இருக்கின்றன. அவை இந்தத் துகள்களை விழுங்குகின்றன. ஆனால் செரிக்க முடியவில்லை. அந்தத் தவிப்பில் அவை வெளியிடும் இரசாயனப் பொருள்கள், எலும்பைக் கரைக்கும் வேறு உயிரணுக்களைத் தூண்டிவிடுகின்றன. கிண்ணத்தைத் தாங்கிய எலும்பு மெல்லக் கரைகிறது. கிண்ணம் ஆடத் தொடங்குகிறது. ஆடினால் இன்னும் தேயும். தேய்ந்தால் இன்னும் ஆடும். முழுத் தோள் மாற்றுச் சிகிச்சைக்குப் பிறகு பிற்காலத்தில் வரும் தொல்லைகளுள் முதன்மையானது இவ்வாறு கிண்ணம் தளர்வதே.

ஆயினும் எல்லாருக்கும் இது விரைவில் வருவதில்லை. செயற்கைத் தோள்களுள் பத்துக்கு ஏறக்குறைய ஒன்பது, பத்து ஆண்டுகளைக் கடந்தும் உழைக்கின்றன. அப்படியானால் யாருக்கு முன்னதாகத் தேயும்? அதற்கு உரிய காரணங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதற் காரணம், சுற்றுத் தசைகள் கிழிந்திருப்பது. அவை பந்தை நடுவில் பிடித்துவைப்பவை என்று சொன்னேன் அல்லவா? அவை கிழிந்தால் பந்து மேல்நோக்கி ஏறி, கிண்ணத்தின் மேல் விளிம்பை அழுத்துகிறது. தட்டின் ஒரு விளிம்பை அழுத்தினால் மறு விளிம்பு தூக்கிக்கொள்ளும். கையைத் தூக்கும்போதெல்லாம் கிண்ணம் இவ்வாறு சிறுகச் சிறுக அசைகிறது. 1988ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர்கள் சிலர் இதனை ஆராய்ந்து, குழந்தைகள் ஏறி ஆடும் மரக்குதிரையின் ஆட்டத்துக்கு ஒப்பிட்டார்கள். நாளடைவில் சிமெண்டின் பிடி விட்டுப்போகிறது.

இத்தகைய நோயாளிகளுக்காகவே பிரான்சு நாட்டின் டிஜோன் நகரத்துப் பால் கிராமோன் என்னும் நிபுணர் 1985ஆம் ஆண்டில் ஒரு புதிய அமைப்பைக் கொண்டுவந்தார். அதில் பந்து இருக்க வேண்டிய இடத்தில் கிண்ணமும், கிண்ணம் இருக்க வேண்டிய இடத்தில் பந்தும் வைக்கப்படுகின்றன. சுற்றுத் தசைகள் இல்லாவிட்டாலும், பெரிய தோள் தசையைக் கொண்டே கையைத் தூக்க முடிகிறது. இதற்கும் ஒரு குறை உண்டு. கையை உடலோடு ஒட்டித் தொங்கவிடும்போது, பிளாஸ்டிக் கிண்ணத்தின் உள்விளிம்பு தோட்பட்டை எலும்பின் கீழ்ப்பகுதியில் இடித்து, எலும்பில் பள்ளம் விழுவதும், பிளாஸ்டிக் தேய்வதும் உண்டு.

இரண்டாவது காரணம், சிகிச்சைக்கு முன்னரே கிண்ண எலும்பு கொண்டிருந்த வடிவம். சிலருக்குக் கிண்ணம் சமமாகத் தேய்ந்திருக்கும். சிலருக்கோ பின்புறம் மட்டும் தேய்ந்து, பந்து பின்னோக்கிச் சரிந்திருக்கும். லியோன் நகரத்துக் கில் வால்ஷ் என்பவரும் அவருடைய தோழர்களும் 1999ஆம் ஆண்டில் இந்த வடிவங்களை வகைப்படுத்தி எழுதினார்கள். பின்புறம் சரிந்த வகையினருக்குப் புதுக் கிண்ணம் வைத்த பிறகும் பந்து பழைய பழக்கத்தைக் கைவிடாமல் பின்னோக்கியே சரிய முயல்கிறது. பாரம் ஓர் ஓரத்திலேயே விழுகிறது. சாய்வாகத் தேய்ந்த தளத்தின்மேல் நேராகக் கல் பதிப்பது எவ்வளவு கடினம் என்பதைக் கொத்தனாருக்கு நான் விளக்க வேண்டியதே இல்லாமல் போயிற்று. அவரே எனக்கு விளக்கினார்.

மூன்றாவது, பொருத்துவதிலும் பொருளிலும் உள்ள குறைகள். கிண்ணம் சாய்வாக அமைந்தால் தேய்வு ஓரத்தில் மிகும். தேவைக்கு மேல் பெரிய பந்தை வைத்தால், மூட்டு இறுகிக் கிண்ணத்தின்மேல் அழுத்தம் ஏறும். சுற்றுத் தசைகளும் இழுபட்டு நைந்துபோகும். பிளாஸ்டிக்குக்குப் பின்னால் உலோகத் தட்டு வைத்த கிண்ணங்கள் ஒரு காலத்தில் பெரிதும் விரும்பப்பட்டன. உலோகத்துக்கு இடம் விடுவதற்காகப் பிளாஸ்டிக்கின் கனத்தைக் குறைக்க வேண்டியிருந்தது. ஆதலின் அவற்றுள் பல விரைவில் தேய்ந்தன. மற்றொரு செய்தியும் உண்டு. கிருமி நீக்குவதற்காகப் பாலிஎத்திலீனைக் காற்றுப் படும் உறையில் வைத்துக் காமாக் கதிர்களைச் செலுத்தும் வழக்கம் முன்பு இருந்தது. கதிர்பட்ட பிளாஸ்டிக்கைப் பிராணவாயு தாக்கி, ஆண்டுகள் செல்லச் செல்ல அதனை நொறுங்கும் தன்மையதாக ஆக்கிவிடும் என்பது பிறகே தெரிந்தது. 1990களின் நடுவிலிருந்து காற்றுப் புகாத உறைகள் வந்தன. மூலக்கூறுகளைக் குறுக்கே பிணைத்து வலுவூட்டிய பாலிஎத்திலீனும் பின்னர் வந்தது. அது தேய்வைக் குறைக்கிறது.

நான்காவது, பந்தை மட்டும் மாற்றும் பாதிச் சிகிச்சை. இதில் பிளாஸ்டிக் இல்லை. ஆகவே பிளாஸ்டிக் தேய்வும் இல்லை. ஆனால் கடினமான உலோகம் நம்முடைய சொந்தக் கிண்ணத்தின்மேல் உராய்கிறது. குருத்தெலும்பும் அதற்கு அடியில் உள்ள எலும்பும் மெல்ல மெல்லக் குழிந்து போகின்றன. வலி திரும்பி வருகிறது. அப்போது புதுக் கிண்ணம் வைக்க முயன்றால், அதைத் தாங்குவதற்கு எலும்பு குறைந்துபோயிருக்கும். இளம் வயதினருக்கு இது நல்ல வழி என்று தோன்றினாலும், இதற்கும் விலை உண்டு.

ஐந்தாவது, கிருமிகள். தோளின் தோலில் மயிர்க்கால்களின் ஆழத்தில் வாழும் ஒருவகைக் கிருமி, சிகிச்சையின்போது உள்ளே புகுந்துவிட்டால், காய்ச்சலோ சீழோ காட்டாமல் பல மாதங்கள் பதுங்கியிருக்கும். மூட்டு தளர்ந்து வலிக்கும்போது, இது வெறும் தேய்மானம் என்று எண்ணி ஏமாறுவதும் உண்டு.

ஆறாவது காரணந்தான் கொத்தனாரின் கேள்விக்கு நேரான விடை. அது வயதும் உழைப்பும். இதற்கு ஒரு சிறு கணக்குப் போடுவோம். நெம்புகோல் தத்துவத்தை நீங்கள் படித்திருக்கிறீர்கள். 60 கிலோ எடையுள்ள ஒருவருடைய கை ஒன்றின் எடை சுமார் 3 கிலோ. அந்தக் கையைப் பக்கவாட்டில் நீட்டினால், அதன் எடை மையம் தோள் மூட்டிலிருந்து சுமார் 30 சென்டிமீட்டர் தூரத்தில் இருக்கும். கையைத் தூக்கும் தசையோ மூட்டிலிருந்து சுமார் 3 சென்டிமீட்டர் தூரத்திலேயே இழுக்கிறது. தூரம் பத்தில் ஒரு பங்கு என்றால், இழுப்பு பத்து மடங்கு வேண்டும். ஆகவே வெறுங்கையை நீட்டுவதற்கே தசை 30 கிலோ அளவுக்கு இழுக்க வேண்டும். அந்த இழுப்பு முழுவதும் மூட்டின்மேல்தான் அழுத்துகிறது. மற்றத் தசைகளும் சேர்ந்து இழுப்பதால், உண்மையான அழுத்தம் இதனினும் கூடுதல். இனி, அந்தக் கையில் 3 கிலோ எடையுள்ள செங்கல் ஒன்றைக் கொடுங்கள். அது மூட்டிலிருந்து 60 சென்டிமீட்டர் தூரத்தில் இருக்கிறது. 3 கிலோவை 60ஆல் பெருக்கி 3ஆல் வகுத்தால் 60 கிலோ வருகிறது. முன்னைய 30 கிலோவையும் சேர்த்தால் 90 கிலோ! ஒரே ஒரு செங்கல், அந்த மனிதருடைய உடல் எடையைக் காட்டிலும் அதிகமான பாரத்தைச் சில மில்லிமீட்டர் பிளாஸ்டிக்கின்மேல் ஏற்றிவிடுகிறது.

இனி, எத்தனை முறை என்று பார்ப்போம். ஒரு கொத்தனார் நாளொன்றுக்கு 500 முறை இவ்வாறு கையை நீட்டுகிறார் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 300 நாள் வேலை என்றால் ஒன்றரை லட்சம் முறை. இருபது ஆண்டுகளில் முப்பது லட்சம் முறை. நானோ வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன். புத்தகம் எடுப்பேன், வேட்டியை உலர்த்துவேன், பேரனுக்குக் கரும்பலகையில் கணக்குப் போட்டுக் காட்டுவேன். என் மூட்டு உழைக்க வேண்டிய ஆண்டுகளும் குறைவு. ஒவ்வோர் ஆண்டிலும் சுமக்க வேண்டிய பாரமும் குறைவு. ஆதலால்தான் இளம் வயதிலே செயற்கை மூட்டுப் பெற்றவர்களுக்கு மறு சிகிச்சை வேண்டியிருக்கும் வாய்ப்பு அதிகம். மறு சிகிச்சை முதற் சிகிச்சை போன்றதும் அன்று. எலும்பு கரைந்து போயிருக்கும். தசைகளில் தழும்பு கட்டியிருக்கும். முதல் முறை கிடைத்த பயன் இரண்டாம் முறை கிடைப்பது அரிது. கொத்தனாருடைய மூட்டில் மற்றக் காரணங்களும் சேர்ந்திருக்கின்றன. பலமுறை நழுவிய மூட்டில் கிண்ணத்தின் ஓரம் தேய்ந்தும், சுற்றுத் தசை நைந்தும் இருப்பது இயல்பே.

ஆக, தேய்மானம் என்பது எத்தனை ஆண்டுகள் என்பதை மட்டும் பொறுத்தது அன்று. எவ்வளவு பாரம், எத்தனை முறை, அந்தப் பாரம் நடுவில் விழுகிறதா ஓரத்தில் விழுகிறதா என்னும் மூன்றையும் பொறுத்தது. இம்மூன்றனுள் சில, மருத்துவர் கையில் உள்ளன. சில, பொருளைச் செய்பவர் கையில் உள்ளன. சில, நோயாளியின் கையிலேயே உள்ளன. நான் இன்றும் நாள்தோறும் காலையில் சுற்றுத் தசைகளுக்கு உரிய பயிற்சிகளைச் செய்கிறேன். தலைக்கு மேலே கனமான பொருளைத் தூக்குவதில்லை. சம்மட்டி போன்ற அதிர்ச்சி தரும் கருவிகளைத் தொடுவதில்லை. வலி இல்லாவிட்டாலும் மருத்துவர் குறித்த காலத்தில் எக்ஸ்ரே எடுத்துக்கொள்கிறேன். ஏனெனில் கிண்ணத்துக்கும் எலும்புக்கும் இடையே தளர்ச்சியின் முதல் அடையாளமாகிய மெல்லிய கோடு, நோவு தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்னரே படத்தில் தென்படக்கூடும்.

இவற்றையெல்லாம் நான் கொத்தனாரிடம் சொன்னேன். செங்கல் கணக்கை அவர் மிகவும் கவனமாகக் கேட்டார். தாமும் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். பிறகு, "ஐயா, நீங்கள் சொல்வது புரிகிறது. அவர்கள் எனக்குக் கெடுதல் நினைத்துச் சொல்லவில்லை. என் கேள்விக்குப் பதில் கிடைத்தது, என் கைக்குத்தான் இன்னும் கிடைக்கவில்லை" என்றார்.

இப்போது அவர் பயிற்சிகள் செய்கிறார். வலி மிகும்போது மருந்து உட்கொள்கிறார். மேஸ்திரியாக நின்று, நூல் பிடித்து மட்டம் பார்த்து, இளைஞர்களுக்கு வேலை சொல்லிக் கொடுக்கிறார். கூலி முன்போல் இல்லை. புது மூட்டு என்றைக்கு வேண்டும் என்பதை அவரும் மருத்துவரும் ஆண்டுதோறும் கலந்து பேசுகிறார்கள். அது பொறுத்திருக்கிற ஒவ்வோர் ஆண்டும், பிற்காலத்தில் அவருக்கு வரக்கூடிய மறு சிகிச்சையைத் தள்ளிப்போடும் ஆண்டு.

மாணவ நண்பர்களே! செயற்கைத் தோள் இன்று என்னைப் போன்ற முதியவருக்கு நன்றாகவே உழைக்கிறது. செங்கல் எடுத்து வீடு கட்டுகிறவருக்கு முப்பது ஆண்டுகள் உழைக்கும் தோளைச் செய்வதுதான் இனி ஆகவேண்டிய காரியம். அதற்குப் பொருள்களின் இயல்பை அறிந்தவர் வேண்டும். இயந்திரக் கணக்கு அறிந்தவர் வேண்டும். உயிரணுக்களை ஆராய்கிறவர் வேண்டும். கை தேர்ந்த மருத்துவர் வேண்டும். உங்கள் வகுப்பில் நெம்புகோல் பாடம் வரும்போது, அதனைத் தேர்வுக்கு உரிய பாடமாக மட்டும் எண்ணிவிடாதீர்கள். கையை நீட்டி, ஒரு செங்கல்லைப் பிடித்துப் பாருங்கள். எங்கள் ஊர்க் கொத்தனாரின் கேள்வி உங்களுக்கும் நினைவுக்கு வரும்.